மகன் கிக்கர் ஆகப்போகிறேன் என்கிறான்: நியூ ஜெர்சி தாய்க்கு ஒரு பதில்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்து சாக்கர், அதாவது நம் ஊர்க் கால்பந்து, ஆடுகிறான். இந்த ஆண்டு பள்ளியின் ஃபுட்பால் கோச் அவன் உதைப்பதைப் பார்த்துவிட்டு, அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கராக, அதாவது பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவனாக, சேர்த்துக்கொண்டார். இப்போது "என்எஃப்எல் கிக்கர் ஆவேன்" என்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். அடிபட்டுவிடுமோ என்று ஒரு பயம், படிப்பு போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். இதெல்லாம் ஒரு வேலையா?

பதில்: வேலைதான் அம்மா. நல்ல சம்பளமுள்ள வேலை. ஆனால் எத்தனை பேருக்கான வேலை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

என்எஃப்எல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகில், 32 அணிகள். ஓர் அணியின் பட்டியலில் 53 பேர். அதில் கிக்கர் ஒருவர்தான்; மற்ற இடங்களுக்கு மாற்று ஆள் இருப்பதுபோல் இவருக்குப் பெரும்பாலும் மாற்று ஆள் வைப்பதில்லை. ஆக நாடு முழுவதற்கும் 32 நாற்காலி. அதிலும் நன்றாக உதைப்பவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். ஆடம் வினாடியேரி 1996-இல் உட்கார்ந்தவர், 2019 வரை 24 பருவங்கள் ஆடி 2,673 புள்ளிகள் எடுத்துவிட்டுத்தான் எழுந்தார். ஐஐடிகளில் ஆண்டுதோறும் 17,000-க்கும் மேல் இடங்கள் திறக்கின்றன. இங்கே திறப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

அதனால் என்எஃப்எல்லை இலக்காக வைத்துக் குடும்பத்தின் பணத்தையும் நேரத்தையும் கொட்டாதீர்கள். கல்லூரியை இலக்காக வையுங்கள். நூற்றுக்கணக்கான கல்லூரி அணிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கிக்கர் வேண்டும். படிக்கிற பையனுக்குக் கல்லூரி வாசலில் இது உண்மையிலேயே உதவும். அதற்கு மேல் கிடைப்பது கிடைக்கட்டும்.

அடிபடும் பயத்தைப் பற்றிச் சுருக்கமாக. களத்தில் கிக்கரை விதியே காக்கிறது: பந்தை உதைத்த ஆள்மேல் பலமாக மோதினால் எதிரணிக்கு 15 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) தண்டனை. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் கிக்ஆஃப் உதையில் மட்டும், பந்தோடு ஓடி வருபவன் எல்லோரையும் தாண்டிவிட்டால் கடைசியில் தடுக்க வேண்டியவன் உங்கள் மகன். எனவே முறையாக டேக்கிள் செய்யக் கற்றிருக்க வேண்டும். கிக்கர்களைப் படுக்கவைப்பது பெரும்பாலும் எதிரணி அல்ல, அவர்களுடைய சொந்தப் பயிற்சிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அவன் உதைக்கும் தூரத்தை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். பந்து 30 யார்டு கோட்டில் இருந்தால் ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் கோல், 30 யார்டு அல்ல, 47 யார்டு. கோல் கம்பம் எண்ட்சோனின், அதாவது கோல் கோட்டுக்குப் பின்னுள்ள பகுதியின், பின்கோட்டில் நிற்பதால் 10 யார்டு, ஹோல்டர் பந்தை வாங்கி ஊன்றும் இடம் பின்னால் தள்ளி இருப்பதால் 7 யார்டு, இரண்டும் சேரும். "எங்கள் பையன் 50 யார்டு அடிக்கிறான்" என்று சாக்கர் வட்டாரத்தில் சொல்லும்போது எது 50 என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. பள்ளியில் இரண்டு கம்பங்களுக்கும் இடைவெளி 23 அடி 4 அங்குலம். கல்லூரியிலும் என்எஃப்எல்லிலும் 18 அடி 6 அங்குலம்தான். பள்ளி முடித்த மறுநாள் கதவு ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. கணக்குப் பிள்ளை என்பதால் அவனையே போடச் சொல்லுங்கள்: 40 யார்டிலிருந்து நேராக உதைத்தால் பள்ளியில் இரு பக்கமும் ஐந்தரை டிகிரி விலகலாம், கல்லூரியில் நாலரைக்கும் குறைவு. பள்ளியில் உள்ளே போன பந்துகளில் எத்தனை கல்லூரிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருக்கும் என்பதை இன்றே எண்ண ஆரம்பிக்க வேண்டும். சில கோச்சுகள் கம்பத்தின் உள்பக்கம் இரு புறமும் 29 அங்குலம் தள்ளிக் கயிறு கட்டிப் பழக்குகிறார்கள். செலவில்லாத நல்ல வழி.

இதே இடத்தில், களத்தில் பந்தை வைக்கும் இடத்தின் இடது, வலது எல்லையைக் காட்டும் ஹாஷ் கோடுகளையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் அவை 53 அடி 4 அங்குலம் விலகியிருக்கும், கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் கம்ப அகலமேயான 18 அடி 6 அங்குலம். வேடிக்கை என்னவென்றால் என்எஃப்எல்லில் பந்து ஒருபோதும் கம்பத்துக்கு வெளியே வைக்கப்படுவதில்லை. கல்லூரியில் கம்பத்தைவிடப் பத்தடிக்கு மேல் வெளியே வைத்து உதைக்க நேரும். கிட்டத்திலிருந்து உதைக்கும்போது அந்தக் கோணம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆகவே நடுவில் வைத்து மட்டும் 40 பந்து உதைத்துவிட்டு வந்தால் அது பயிற்சியில்லை. இடது ஹாஷ், வலது ஹாஷ், நடு என்று மூன்றிலும் உதைக்க வேண்டும்.

பந்தை உயர்த்தி வைக்கும் சிறு தட்டான டீ இன்னொரு பொறி. பள்ளி விதிப்படி ஃபீல்டு கோலுக்கு இரண்டு அங்குல உயரம் வரை டீ வைக்கலாம். கல்லூரியில் 1989 முதல் ஃபீல்டு கோலுக்கு டீ கிடையாது, தரையிலிருந்துதான். கிக்ஆஃபுக்கும் பள்ளியில் இரண்டு அங்குலம், கல்லூரியில் ஒரே அங்குலம். இரண்டு அங்குல உயரத்தில் பழகிய கால் பந்தின் அடியில் எளிதாக நுழையும். தரையில் வைத்தால் அதே கால் புல்லைச் சீவும், அல்லது பந்தின் நடுவில் பட்டுத் தாழப் போகும். முன்வரிசையில் கை தூக்கி நிற்கிற ஆறடி நாலங்குல ஆளின் உள்ளங்கைக்குத்தான் அது போய்ச் சேரும். பள்ளி ஆட்டத்தில் கோச் டீ வைக்கச் சொன்னாலும், தனிப் பயிற்சியில் தரையிலிருந்தே உதைக்கட்டும். கல்லூரிக்கு அனுப்பும் வீடியோவிலும் டீ இருக்கக்கூடாது.

சாக்கர் கால் அப்படியே இங்கே செல்லும் என்று நினைப்பது பாதி உண்மை. ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலக் 1964-இல் பஃபலோ பில்ஸ் அணியில் பக்கவாட்டிலிருந்து ஓடிவந்து உதைத்துக் காட்டும்வரை, எல்லோரும் நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால்தான் உதைத்தார்கள். இன்று எல்லோரும் சாக்கர் பாணிதான். ஆனால் சாக்கரில் பந்தைத் தாழ வைத்து உதைப்பது திறமை. இங்கே அது குற்றம். அங்கே உருளும் பந்து, இங்கே நிறுத்திய பந்து. அங்கே ஆட்டத்தோடு ஆட்டமாக ஓடிக்கொண்டே உதைக்கிறான்; இங்கே நாற்பது நிமிடம் குளிரில் நின்றுவிட்டு ஒரே ஒரு உதை.

வழக்கமான அடி அளவு இது: வலதுகாலால் உதைப்பவர் பந்திலிருந்து நேர் பின்னால் மூன்று எட்டு வைத்து, அங்கிருந்து இடப்பக்கம் இரண்டு எட்டு. ஓடிவரும்போது ஊன்றுகால் எங்கே விழுகிறது என்பதில்தான் பாதித் தொழில் இருக்கிறது. அது பந்துக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒரு ஷூ நீளம் தள்ளி விழ வேண்டும். பந்துக்குப் பின்னால் விழுந்தால் கால் எட்டிப் போய்ப் பந்தின் அடியைத் தோண்டும்; பந்து உயரப் போய்த் தூரம் குறையும். முன்னால் விழுந்தால் பந்து தாழப் பாயும். ஊன்றுகாலின் விரல் காட்டும் திசையில்தான் இடுப்பு திரும்பும், பந்தும் அங்கேதான் போகும். கணுக்கால் பூட்டினதுபோல் விறைப்பாக இருந்து, பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கு மேலே தெரியும் கெட்டி எலும்பு பந்தின் நடுவுக்குக் கீழே பட வேண்டும். கணுக்கால் தளர்ந்தால் பந்து தள்ளாடிப் போகும். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் தலை முன்கூட்டியே நிமிர்ந்தால், அடி இடம் மாறும். புதியவர்கள் தவறவிடும் உதைகளில் பல இந்தக் கடைசிக் காரணத்தால்தான்.

ஆட்டத்தில் ஸ்னாப்பர் பந்தைப் பின்னால் எறிந்ததிலிருந்து உதை விழும்வரை கல்லூரியிலும் மேலேயும் எதிர்பார்ப்பது சுமார் 1.3 நொடி. பந்தின் தையல் கம்பத்தைப் பார்த்திருக்க வேண்டும். உதைப்பவன் பக்கம் திரும்பினால் பந்து விலகலாம். ஸ்னாப்பர், ஹோல்டர், கிக்கர் மூன்று பேரும் சேர்ந்து வாரத்தில் சில நாளாவது பழகாத பள்ளியில், பையன் தனியாக எவ்வளவு அடித்தாலும் ஆட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமை இரவு வேறு கதை.

பயிற்சி அளவு. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு முழு பலத்தில் 35 முதல் 40 உதை. அதற்கு முன் உடம்பைச் சூடாக்கி, அடி எடுக்காமல் நின்ற இடத்தில் சில உதை, பிறகு ஓரடியில், பிறகு ஈரடியில், கடைசியில் முழு ஓட்டம். கிக்ஆஃப் உதைகள் காலை அதிகம் உறிஞ்சும். அவற்றை எட்டுப் பத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பையன்கள் செய்வது என்ன தெரியுமா? ஒன்று தவறியதும் ரோஷத்தில் இன்னும் இருபது. தொடை இடுக்குத் தசையும், இடுப்பின் முன்பக்கத் தசையும், முன்தொடையும் இப்படித்தான் பிடித்துக்கொள்கின்றன. இடுக்குத் தசை ஒருமுறை கிழிந்தால் பருவம் போய்விடும். "வலிக்கிறது, ஆனால் உதைக்க முடிகிறது" என்று சொல்லும் நாள்தான் நிறுத்த வேண்டிய நாள். வாரத்தில் மூன்று நாள், ஒன்றேகால் மணி நேரம் என்பது படிப்பைக் கெடுக்கும் அளவில்லை என்பதையும் கவனியுங்கள். பள்ளி அணியின் மாலைப் பயிற்சிதான் நேரத்தை எடுக்கும், அதுவும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைதான்.

ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். தேதி, தூரம், எந்த ஹாஷ், காற்று எந்தப் பக்கம், உள்ளேயா வெளியேயா, வெளியே என்றால் இடமா வலமா குறைந்துபோனதா. ஆறு மாதத்தில் அந்த நோட்டு உங்கள் கேள்விக்கு எங்களைவிட நன்றாகப் பதில் சொல்லும். தரையிலிருந்து, கல்லூரிக் கம்ப அகலத்தில், 40 யார்டுக்குள் பத்துக்கு ஒன்பது. 45-லிருந்து 50 வரை பத்துக்கு ஏழு. கிக்ஆஃப் 60 யார்டைத் தாண்டி, கிட்டத்தட்ட 4 நொடி காற்றில் நிற்பது. பதினொன்றாம் வகுப்பு முடிவில் இந்த இடத்துக்கு வந்தால் பெரிய கல்லூரிகளைப் பற்றிப் பேசலாம். இது எங்கள் கணிப்பு, எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. வராவிட்டால் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் படிப்பில் பெயர்பெற்ற பல கல்லூரிகள் அந்தப் பிரிவில்தான் ஆடுகின்றன. நல்ல மதிப்பெண்ணோடு வரும் கிக்கருக்கு அட்மிஷன் அலுவலகத்தில் கோச் ஒரு வார்த்தை சொல்வது அங்கே மதிப்புள்ளது. ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று பண உதவி இல்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவதுதான்.

டிவிஷன் 1-இல் ஸ்காலர்ஷிப் என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். கிக்கர்களில் நிறையப் பேர் முதலில் வாக்-ஆன், அதாவது தங்கள் செலவில் படித்துக்கொண்டே அணியில் சேர்பவர்கள். ஓரிரு பருவம் உதைத்து இடத்தைப் பிடித்த பிறகு பணம் வரும், வராமலும் போகும். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு கோச்சுகள் பள்ளிப் பையனைவிட, வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டு உதைத்துப் பழகியவனைக் கூப்பிடவே விரும்புகிறார்கள். "ப்ரிஃபர்டு வாக்-ஆன்" என்றால் அணியில் இடம் உண்டு, பணம் இல்லை. கட்டணத்தை நீங்களே கட்ட முடியுமா என்று பார்க்காமல் அதற்குத் தலையாட்டாதீர்கள்.

படிப்புத் தகுதியில், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ டிவிஷன் 1-க்குக் கேட்பது 16 கோர் (அடிப்படை) பாடங்கள், அவற்றில் 2.3 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி). பதினாறில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு மதிப்பெண் பிரச்சினையாக இராது. தவறுவது வேறு இடத்தில்: எல்லாப் பாடமும் கோர் கணக்கில் வராது. பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலைக் கைடன்ஸ் கவுன்சிலரிடம் கேட்டு இந்த ஆண்டே சரிபாருங்கள். பத்தாம் வகுப்பிலோ பதினொன்றின் தொடக்கத்திலோ என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் கணக்குத் தொடங்கிவிடலாம்.

கோல்ஸ், கிறிஸ் செய்லர் போன்ற கிக்கிங் முகாம்கள் பையன்களுக்கு நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்துகின்றன. கல்லூரிக் கோச்சுகள் அந்த வரிசையைப் பார்க்கிறார்கள் என்பது உண்மை. பெரும்பாலான கோச்சுகளுக்கு உதைக்கிற கலை தெரியாது, யாராவது வடிகட்டித் தந்தால் அவர்களுக்கு வசதி. ஆனால் ஒரு முகாமுக்குக் கட்டணமே சில நூறு டாலர், விமானமும் ஓட்டலும் தனி. ஆண்டுக்கு ஆறு முகாம் போவது பயிற்சியாகாது. பத்தாம் வகுப்புக் கோடையில் ஒன்று, அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துகொள்ள. பதினொன்றின் குளிர்காலத்தில் ஒன்று. பிறகு அவன் சேர விரும்பும் நாலைந்து கல்லூரிகளே ஜூனில் நடத்தும் ஒருநாள் முகாம்கள். முடிவெடுக்கும் கோச் அங்கே நேரில் நிற்பார், கட்டணமும் குறைவு.

இனி என்எஃப்எல். எட்டிப்பிடித்தவர்கள் எப்படிப் போனார்கள் என்று பாருங்கள், அதில்தான் உங்களுக்கான பதில் இருக்கிறது. யங்ஹோ கூ ஆறாம் வகுப்பில் தென்கொரியாவிலிருந்து உங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து ரிட்ஜ்வுட் பள்ளியில் படித்தவர். ஜார்ஜியா சதர்னில் உதைத்தார், அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2017-இல் சார்ஜர்ஸ் அணியில் இடம் பிடித்தார், நாலே ஆட்டத்தில் வெளியே அனுப்பப்பட்டார். 2019-இல் ஒரு சிறு லீகில் ஆடி அங்கிருந்து அட்லாண்டா ஃபால்கன்ஸ். 2020-இல் 39-க்கு 37 உள்ளே போட்டு, சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்குப் போனார். 2025 செப்டம்பரில் அதே அணி அவரை விடுவித்தது. மறுபக்கம் ராபர்ட்டோ அகுவாயோ: 2016-இல் டாம்பா பே அவரை இரண்டாம் சுற்றிலேயே எடுத்தது, கிக்கருக்கு அது மிக உயர்ந்த இடம். ஒரே பருவத்தில் இடம் போயிற்று. இந்தத் தொழிலில் பழைய சான்றிதழுக்கு மதிப்பில்லை.

பிராண்டன் ஆப்ரி கதையைப் பையனுக்கு அல்ல, உங்களுக்குச் சொல்கிறேன். நாட்டர்டாமில் சாக்கர் ஆடி, 2017-இல் டொராண்டோ எஃப்சி சாக்கர் அணி எடுத்து, சாக்கரில் நிலைக்காமல் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலைக்குப் போனார். வேலையில் இருந்துகொண்டே உதைக்கப் பழகினார். 2022-லும் 2023-லும் யுஎஸ்எஃப்எல் என்ற சிறு லீகில் பர்மிங்ஹாம் அணி, அதன்பின் டல்லாஸ் கவ்பாய்ஸ். முதல் பருவத்தில் தொடர்ந்து 35 ஃபீல்டு கோல் உள்ளே. ஹாரிசன் பட்கர் ஜார்ஜியா டெக்கில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் முடித்தவர்; 2017-இல் கரோலினா ஏழாம் சுற்றில் எடுத்துப் பயிற்சி அணியில் வைத்திருந்தபோது கான்சஸ் சிட்டி கூப்பிட்டுக்கொண்டது. கையில் பட்டம் இருந்தவர்களால்தான் காத்திருக்க முடிந்தது. காலி இடம் அறிவித்து வராது; ஞாயிறு ஒருவர் இரண்டு தவறவிட்டால் செவ்வாய்க்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்தச் செவ்வாய்க்கு விமானம் ஏற விடுப்புத் தரும் வேலையில் இருப்பதுதான் இந்தத் தொழிலின் நடைமுறை ஏற்பாடு.

சம்பளம்: 2025 பருவத்தில் புதியவருக்குக் குறைந்தபட்சம் 8,40,000 டாலர்; பயிற்சி அணியில் இருந்தால் வாரத்துக்கு 13,000 டாலர். பட்கர் 2024-இல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 64 லட்சம் டாலர். ஆனால் குறைந்தபட்ச ஒப்பந்தம் வாரத்துக்கு வாரம்தான் உயிரோடு இருக்கும். வெளியே அனுப்பினால் மீதிப் பணம் பெரும்பாலும் இல்லை. ஓய்வூதியத் தகுதிக்கு கணக்கில் சேரும் பருவங்கள் மூன்று வேண்டும். ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது, அதுவும் சம்பளம் வந்த பிறகுதான். முன்பணம் கேட்பவரை அன்றே மறந்துவிடுங்கள். எங்கள் யோசனை: கல்லூரி முடித்து, பட்டமும் வாங்கி, அதன்பின் இரண்டு வசந்த காலம் வரை முயற்சிக்கலாம். அதற்குள் எந்த அணியும் ஒரு முறைகூடக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை என்றால் நிறுத்த வேண்டும். இந்தத் தேதியை இப்போதே, அவன் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

விசா விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மகன் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவனாகவோ இருந்தால் கவலையில்லை. எச்-4 (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) என்றால் 21 வயதில் அது முடிந்துவிடும், கல்லூரி நடுவே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். கல்லூரி வீரர்கள் 2021 ஜூலை முதல் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். எச்-4, எஃப்-1 பிள்ளைகளுக்கு அது வேலை செய்ததாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது, ஓசி ஷூகூட.

வரும் வாரத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. போன் கேமராவைப் பையனுக்கு நேர் பின்னால், பந்தும் இரண்டு கம்பங்களும் முழுதாகத் தெரியும்படி நிறுத்துங்கள். பந்து தரையில் இருக்கட்டும். பத்து உதை, வெட்டாமல் ஒரே ஓட்டமாக, தவறியவையும் சேர்த்து. அடுத்த பத்தைப் பக்கவாட்டிலிருந்து, ஊன்றுகால் விழும் இடம் தெரியும்படி எடுங்கள். கல்லூரிக் கோச் முதலில் கேட்பது இந்த வெட்டாத பத்தைத்தான். பாட்டுப் போட்டு ஒட்டிய வீடியோவைப் பாதியிலேயே மூடிவிடுவார்.